இரண்டாம் எண்ணிக்கை

ஆப்பரேஷன் தியேட்டரில் அவளுக்குக் கணக்கு சிஸ்டர் என்று பெயர். பெற்றோர் இட்ட பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது. இருபத்தொன்பது ஆண்டுப் பணியில் ஒரு நாளேனும் அவள் எண்ணிக்கை பிசகியதில்லை என்பது அந்த மருத்துவமனையில் சுவர்களுக்கும் தெரிந்த செய்தி.

அறுவை தொடங்குமுன் துணித்துண்டுகளையும் ஊசிகளையும் கத்தரிகளையும் ஒருத்தி உரக்க எண்ணுவாள். மற்றொருத்தி அதைத் திரும்பச் சொல்வாள். அச்சிட்ட தாளின் முதற்கட்டத்தில் நீல மையால் ஒரு டிக் விழும். வயிற்றை மூடுமுன் மறுபடி எண்ணி, இரண்டாம் கட்டத்தில் சிவப்பு மையால் இன்னொன்று. தோலைத் தைக்குமுன் கடைசியாக ஒன்று. ஒருமுறை பெரிய டாக்டர், ரயிலுக்கு நேரமாகிறதென்று தையல் ஊசிக்குக் கை நீட்டிவிட்டார்.

"ஒரு துணி குறையுது டாக்டர்."

"கீழே எங்கேயாவது கிடக்கும், பாரும்மா."

"கீழே இல்லை. உள்ளே இருக்கு."

பெரிய டாக்டர் முறைத்தார். ஊசியைக் கொடுக்கவேண்டியவளோ கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு தூண்போல் நின்றாள். பத்து நிமிடம் தேடியபின் கல்லீரலுக்கு அடியிலிருந்து இரத்தம் ஊறிய அந்தத் துணி வெளியே வந்தது. பெரிய டாக்டர் ரயிலைத் தவறவிட்டார். அன்றுமுதல் அவரும் அவளைக் கணக்கு சிஸ்டர் என்றே அழைக்கலானார்.

அந்தப் பெயரை நம்பித்தான் அவளுடைய தம்பியின் மனைவி தன் பணத்தைப் போடச் சம்மதம் கொடுத்தாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கெட்டிக்காரன், நின்றுபோன லிஃப்டின் முனகலை வைத்தே எந்தக் கப்பியில் கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் கைப்பேசியில் சீட்டாடி ஒரு மோட்டார் சைக்கிளையும் ஏழு மாதச் சம்பளத்தையும் தொலைத்தவன். அக்கடனை அடைத்தவள் அக்காளான கணக்கு சிஸ்டர். அவள் மணம் செய்துகொள்ளவில்லை. தம்பியும் மனைவியும் குடியிருந்த வீட்டின் மாடியறையிலேயே இருந்தாள். தம்பியின் மனைவி பிஸ்கட் தொழிற்சாலையில் பதினாறு ஆண்டு பெட்டி கட்டியவள். தொழிற்சாலையை மூடியபோது ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பினார்கள். நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைக்கவேண்டும் என்பது அவள் எண்ணம். கடையைக்கூடப் பார்த்து வைத்திருந்தாள். ஷட்டரின் அகலத்தைத் தன் துப்பட்டாவால் அளந்துகொண்டு வந்திருந்தாள். கையிலிருந்த தொகைதான் பாதிக்கும் எட்டவில்லை.

அப்போதுதான் தம்பி கிரிப்டோ, இணையத்தில் மட்டும் புழங்கும் நாணயம், என்று ஆரம்பித்தான். இரண்டே ஆண்டு, போட்டது பெருகிவிடும், கடை கைக்கு வந்துவிடும் என்றான்.

"கண்ணுக்குத் தெரியாத காசு, கைக்கு அகப்படாத காசு. அதுல திருட்டே கிடையாதாக்கும்?" என்று கேட்டாள் மனைவி.

தம்பி மறைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டை ஒதுக்கிவிட்டு வரிசையாகச் சொன்னான். உலகம் முழுவதும் ஆட்கள் காயின்களைப் போட்டு வைத்திருந்த ஒரு பெரிய இணையக் கடை ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டதும், உள்ளே பார்த்தால் ஆண்டுக்கணக்கில் யாரோ உறிஞ்சியிருந்ததும். இன்னொரு கடைக்காரன் செத்துப்போக, சாவிச்சொல் அவன் தலையோடு போய்விட்டதென்று சொல்லப்பட்டதும். ஒருத்தி பட்டுடை உடுத்தி மேடையேறி, இல்லாத நாணயத்தை இருப்பதாக விற்று, கைதட்டல் அடங்குமுன் விமானம் ஏறியதும்.

"இவ்வளவு திருட்டையும் நீங்களே சொல்லிட்டு, அதுலயே என் காசைப் போடச் சொல்றீங்களே! உங்க தைரியத்துக்கு ஒரு கும்பிடு."

"அதைத்தான் சொல்றேன். போனதெல்லாம் அடுத்தவன் கையில சாவியைக் குடுத்தவன் காசு. நாம நம்ம கையிலயே வச்சுக்கலாம். பென்டிரைவ் மாதிரி ஒரு கருவி. அதுக்கு இருபத்துநாலு வார்த்தை. அந்த வார்த்தைதான் சாவி. கருவி உடைஞ்சாலும், தொலைஞ்சாலும், வார்த்தை இருந்தாப் பணம் இருக்கு."

"நம்ம கைன்னா யார் கை?"

தம்பி ஒதுக்கிய தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"உங்க கைன்னா வேண்டாம். அண்ணி கையில இருக்கட்டும். கருவியும் அண்ணி பேர்ல வாங்குங்க. நீங்க ஒரு நகல்கூட வச்சுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"என்னை நானே நம்பமாட்டேன்டீ, சத்தியம் எதுக்கு? அக்காகிட்டயே இருக்கட்டும்" என்றான் அவன், சிரித்துக்கொண்டு.

கருவி வந்தது. மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையின் கடைசி மேசையில் தம்பியும் அக்காளும் உட்கார்ந்தார்கள். எழுதத் தாள் வேண்டியிருந்தது. அவள் சட்டைப்பையில் இருந்தது தியேட்டரின் எண்ணிக்கைத் தாள். இருபத்துநான்கு வரிகள், மூன்று கட்டங்கள். கருவியின் சிறு திரையில் தோன்றிய ஆங்கிலச் சொற்களைத் தம்பி படித்தான். அவள் திரும்பச் சொல்லி எழுதி, முதற்கட்டத்தில் நீல மையால் டிக் போட்டாள். ஆமை, குடை, ஏணி என்று ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள்.

"என்னக்கா, எனக்கும் வயித்தைக் கிழிக்கப்போறியா?" என்று தம்பி கேலி செய்தான்.

"பேசாம படிடா. ஒன்பதுல விட்டே."

கருவி வீட்டு அலமாரிக்குப் போயிற்று. தாள் மருத்துவமனையின் உடைமாற்றும் அறையில், அவளுடைய லாக்கரில், வெள்ளைக் காலணிப் பெட்டிக்கு அடியில் இடம் பிடித்தது. தம்பியின் கைப்பேசியில் இருப்பு எவ்வளவு என்று பார்க்கலாம்; ஒரு காசும் எடுக்க முடியாது. ஞாயிறுதோறும் காலையில் அவன் அதைப் பார்த்து மனைவிக்குச் சொல்வான். ஒன்றரை ஆண்டில் போட்டது இரு மடங்கைத் தாண்டியது. ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அவள் முன்பணம் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள்.

இடையில் ஒருநாள், கருவி விற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை யாரோ திருடிவிட்டார்கள் என்ற செய்தியைத் தம்பி கொண்டுவந்தான். பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் போயிற்றாம்.

"யாராவது போன் பண்ணி வார்த்தையைக் கேட்டா சொல்லிடாதே அக்கா."

"எனக்கே சொல்லித்தர்றியா நீ?" என்றாள் அவள். கேலியாகத்தான் சொன்னாள். பிற்பாடு அந்தக் கேலி நாள்தோறும் அவள் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு அறுவைகளுக்கு நடுவில், உடைமாற்றும் அறையில் அவள் கைப்பேசி ஒலித்தது. பேசியவன் கருவி நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு என்றான். அவள் பெயரைச் சொன்னான். கருவி வாங்கிய தேதியைச் சொன்னான். வீட்டு முகவரியைக் கதவெண்ணோடு சொன்னான். குரல் நிதானமாக இருந்தது. பட்டியல் திருடுபோன செய்தியையும் அவனே எடுத்தான்.

"உங்க நேரத்தை எடுக்கிறதுக்கு மன்னிக்கணும் மேடம். அந்தப் பட்டியல்ல உங்க பேரும் இருக்கு. இப்ப உங்க கணக்குக்குள்ள யாரோ நுழையப் பார்க்கிறாங்க. பழைய பூட்டை எடுத்துட்டுப் புதுப் பூட்டு போடணும். அதுக்குள்ள அவங்க முந்திட்டா எங்களால ஒண்ணும் செய்யமுடியாது."

"வார்த்தையை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்களே."

"சொல்லவே கூடாது மேடம். அவசரப்படுத்திக் கேக்கிறவங்ககிட்ட சொல்லவே கூடாது. நான் அவசரப்படுத்தலை. பின்னால ஆஸ்பத்திரிச் சத்தம் கேக்குது, நீங்க நர்ஸ்தானே? உங்க வேலையில ஒரு முறை இருக்குமே. அந்த முறைப்படியே செய்வோம்."

இந்த இடத்தில்தான் அவள் விழுந்தாள். ஆசையினாலன்று, பயத்தினாலுமன்று. அவள் அறிந்த உலகில் கெட்டவர்கள் என்போர் அவசரக்காரர்கள், எண்ணாமல் மூடுபவர்கள், கேட்டதைத் திரும்பச் சொல்லச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள். முறையோடு வேலை செய்கிறவன் திருடனாக இருப்பான் என்பதற்கு இருபத்தொன்பது ஆண்டில் அவள் ஓர் உதாரணமும் கண்டதில்லை.

"நான் நாலு நாலாச் சொல்லுவேன். நீங்க திரும்பச் சொல்லணும்" என்றாள் கண்டிப்பாக.

"கண்டிப்பா சிஸ்டர்."

காலணிப் பெட்டியை நகர்த்தித் தாளை எடுத்தாள். நான்கு சொற்கள் சொன்னாள். அவன் நான்கையும் திரும்பச் சொன்னான். பையிலிருந்த சிவப்புப் பேனாவால் இரண்டாம் கட்டத்தில் நான்கு டிக் போட்டாள். மறுபடி நான்கு. மூன்றாம் முறை அவன் மூன்றுதான் சொன்னான்.

"பதினொண்ணை விட்டுட்டீங்க."

"ஐயோ, ஆமாம். நல்லவேளை சொன்னீங்க சிஸ்டர். உங்களை மாதிரி எல்லாரும் இருந்துட்டா எங்களுக்கு வேலையே இருக்காது."

அவளுக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. இருபத்துநான்கும் முடிந்தன. மூன்று நாளில் உறுதிக் கடிதம் வரும், அதுவரை கருவியைத் தொடவேண்டாம் என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். அவள் கை கழுவிக்கொண்டு அடுத்த அறுவைக்குப் போனாள். அன்றும் எண்ணிக்கை சரியாக இருந்தது.

புதன்கிழமை மதியம் ஏனோ மனம் அரித்தது. அந்த எண்ணை அழைத்தாள். அப்படியோர் எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. நிறுவனத்தின் உண்மையான எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தாள். நாங்கள் யாரையும் தொலைபேசியில் அழைப்பதில்லை என்று எடுத்த உடனே ஒரு பதிவுக்குரல் சொல்லிற்று. அவள் லாக்கர்முன் இருந்த மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். தம்பியின் மனைவி அன்று ஜெராக்ஸ் இயந்திரங்களின் விலைப்பட்டியலை மேசைமேல் பரப்பி வைத்திருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று மாடியேறினாள். நாளையும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி கைப்பேசியைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தான்.

"என்ன, குறைஞ்சிருக்கா?" என்றாள் மனைவி, பாத்திரம் துலக்கிக்கொண்டே.

"இல்ல. ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு மொத்தமும் வேற எங்கேயோ போயிருக்கு. போன இடம் தெரியுது. எவனோடதுன்னு தெரியாது. திரும்ப வராது."

சோப்பு நுரை வழியும் கையோடு அவள் வந்து நின்றாள். கணவனைத்தான் பார்த்தாள், வேறு யாரையும் பார்க்கவில்லை.

"நகல் வச்சிருந்தீங்களா?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"அண்ணி, தாள் எங்கே?"

அப்போது கணக்கு சிஸ்டரின் வாயிலிருந்து வந்தது ஒரு முழு உண்மை. "தாள் என்கிட்ட பத்திரமா இருக்கு." அதைவிடப் பெரிய பொய்யை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. கைப்பையில் எடுத்து வந்திருந்த தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். தம்பியின் மனைவி பார்த்தாள். இருபத்துநான்கு சொற்கள் ஒழுங்காக இருந்தன. "பார்த்தீங்களா? அண்ணிகிட்ட ஒரு எழுத்து அசையலை" என்றாள்.

தம்பியும் பார்த்தான். அவன் பார்வை இரண்டாம் கட்டத்தில் சென்று நின்றது. சிவப்பு டிக்குகள். பிறகு நிமிர்ந்து அக்காள் முகத்தைப் பார்த்தான். அவள் தாளை மடித்தாள்.

போலீஸில் புகார் எழுதிக்கொண்டவர் முக்கால் மணி நேரம் தட்டச்சு செய்தார். வார்த்தைகள் யாரிடம் இருந்தன என்று கேட்டார்.

"என்கிட்ட."

"யாருக்காவது சொன்னீங்களா?"

"இல்லை."

"எழுதினப்போ படிச்சுக் காட்டினது யாரு?"

"என் தம்பி."

"அப்ப அவருக்கும் தெரியும்னு எழுதிக்கிறேன்." அவர் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு முன்னால ஆன்லைன்ல ஏதாவது ஆடியிருக்கீங்களா சார்?"

தம்பி பதில் சொல்லுமுன் அவன் மனைவி பதில் சொன்னாள். புகாரின் அடியில் கணக்கு சிஸ்டர் கையெழுத்திட்டாள். எழுத்து வழக்கம்போல் குண்டுகுண்டாக, நேராக விழுந்தது.

அன்று மாலை மாடிப்படியில் தம்பி வழிமறித்தான்.

"அக்கா, நாம எழுதினப்போ நீலப் பேனாதானே?"

"ஆமா."

"சிவப்பு எப்போ போட்டே?"

"நான் அப்பப்போ சரிபார்ப்பேன்டா. பழக்கம்."

அவன் "சரி" என்று ஒதுங்கி வழிவிட்டான். லிஃப்டுக் கதவு திறந்தால், உள்ளே பெட்டி வந்திருக்கிறதா என்று பார்த்தே காலை வைப்பவன் அவன். அன்று அக்காளையும் அவ்வாறே பார்த்தான்; மேற்கொண்டு கேட்கக் காலெடுத்து வைக்கவில்லை.

மறுநாள் தியேட்டர்க் கழிவை எரியுலைக்குக் கொண்டுபோகும் மஞ்சள் பைக்குள் அந்தத் தாளைப் போட்டுத் தானே வாயைக் கட்டினாள்.

அதன்பிறகு வீட்டில் நடந்தது சிறிது சிறிதாகத்தான் நடந்தது. மனைவி அவன் சட்டைப்பைகளைத் துழாவினாள். கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படாததே அவளுக்குச் சாட்சியாயிற்று. "சீட்டாடினப்பவும் ஒண்ணும் அகப்படலையே" என்றாள். பத்தாம் நாள் தம்பி ஒரு பையோடு கிளம்பி, லிஃப்டுக் கம்பெனியின் கிடங்கில் படுத்துக்கொள்ளத் தொடங்கினான். ஜெராக்ஸ் கடையை யாரோ மருந்துக்கடைக்கு எடுத்துவிட்டார்கள். மனைவி தன் அண்ணன் ஊருக்குப் போவதென்று முடிவு செய்தாள். வக்கீலைப் பார்த்து விவாகரத்துக்கு நோட்டீஸும் எழுதச் சொன்னாள். இவ்வளவும் மாடியறைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் அவள் படியிறங்கினாள். ஒவ்வொரு நாளும் யாரேனும் ஒருவர், "அண்ணி, நீங்க மட்டும் இல்லன்னா..." என்றோ, "சிஸ்டர், நீங்க எண்ணினா அப்பீலே இல்ல" என்றோ சொல்லி, அவளை மறுபடி மேலே அனுப்பிவைத்தார்கள்.

இருபத்தோராம் நாள் கைப்பேசி ஒலித்தது. வேறு எண். திருடுபோன காயின்களை மீட்டுத் தரும் நிறுவனமாம். முன்கட்டணம் செலுத்தினால் போதுமாம். முதல் வாக்கியத்திலேயே அவளுக்கு அந்தக் குரல் யாருடையதென்று தெரிந்துவிட்டது. பதினொன்றாவதை விட்டவன். அவள் கைப்பேசியைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

"தயங்காதீங்க சிஸ்டர். இன்னும் வீட்டுல சொல்லலைன்னாலும் பரவாயில்லை. யாருக்கும் தெரியாமலே முடிச்சுத் தர்றோம்."

அவள் கைப்பேசியை அணைத்தாள். தன் இரகசியத்தைக் காக்க உலகத்தில் ஒருவன்தான் முன்வந்திருக்கிறான், அவன் திருடன். அன்று விடுப்புச் சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தாள்.

தம்பியின் மனைவி சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு ஆண்டுப் பழக்கம். அட்டைப்பெட்டியின் மடிப்பை ஒரே தட்டில் மூடி, டேப்பைச் சர்ரென்று இழுத்து, பல்லால் கடிக்காமல் விரலால் அறுத்தாள்.

"வாங்க அண்ணி. என்ன சீக்கிரம்?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பணம் போனது அவனால இல்ல. என்னால."

டேப் நின்றது.

"அந்தச் செவ்வாய்க்கிழமை ஒருத்தன் போன் பண்ணினான். பாதுகாப்புப் பிரிவுன்னான். இருபத்துநாலு வார்த்தையும் நான்தான் படிச்சுக் குடுத்தேன்."

தம்பியின் மனைவி டேப்பைப் பெட்டிமேல் வைத்தாள். பிறகு, அழுகைக்கு மிக அருகில் நின்ற ஒரு சிரிப்பு சிரித்தாள்.

"அண்ணி, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. எதுக்கு இந்த வயசுல கத்துக்கறீங்க?"

"பொய் இல்லம்மா. நாலு நாலாப் படிச்சேன். அவனைத் திரும்பச் சொல்ல வச்சேன். ஒண்ணை விட்டுட்டான், அதைக்கூட நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"திருடன்கிட்டயா? திரும்பச் சொல்ல வச்சீங்களா?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கதை கட்டினாலும் நம்புற மாதிரி கட்டுங்க அண்ணி! எதிர்வீட்டுக் குழந்தைகூட வார்த்தையைச் சொல்லாது. நீங்க சொன்னீங்களாம். நான் நம்பணுமாம்."

"இரண்டாவது கட்டத்துல டிக் போட்டேன். சிவப்பு மையில."

"எங்கே, காட்டுங்க அந்தத் தாளை."

"இல்ல. எரிச்சுட்டேன்."

"அப்படிச் சொல்லுங்க. அதுவும் அவருக்காகவா?" அவள் குரல் தணிந்தது, அந்தத் தணிவில் இரக்கம் இருந்தது. "போலீஸ்ல யாருக்கும் சொல்லலைன்னுதானே கையெழுத்துப் போட்டீங்க. இப்ப நான் போறேன்னதும் தம்பி பாசம் பொத்துக்கிட்டு வருதா? சீட்டுக் கடனை நீங்க அடைச்சீங்க. இந்தப் பழியையும் நீங்களே அடைக்கப் பார்க்கறீங்க. போதும் அண்ணி. அவரைக் கெடுத்ததே உங்க நல்ல குணம்தான்."

"அவனையே கேளு. அவனுக்குத் தெரியும்."

தம்பியின் மனைவி கைப்பேசியை எடுத்து, இருவருக்கும் கேட்கும்படி வைத்து அழைத்தாள். எங்கோ உயரத்தில், லிஃப்டுக் கூண்டின் கம்பிகள் உரசும் ஓசை கேட்டது.

"உங்க அக்கா வந்திருக்காங்க. தப்பெல்லாம் தன்னோடதுதான்னு சொல்றாங்க. ஆமாவா?"

கம்பிகளின் உரசல் நின்றது.

"கேட்குதா? ஆமாவா, இல்லையா?"

"இன்னியோட இருபத்தோரு நாள்" என்றான் தம்பி. "நானே சொல்லியிருந்தா, அக்கா தலையில பழி போடுறேன்னு சொல்லியிருப்பே. இப்ப அவ சொன்னா, தம்பியைக் காப்பாத்துறான்னு சொல்றே. நான் என்னத்தைச் சொல்ல?"

"அப்போ ஆமான்னு சொல்லுங்களேன்."

"அவளையே கேளு. அவ கணக்குத்தான் தப்பாதே."

தொடர்பு அறுந்தது.

"பார்த்தீங்களா? ஆமான்னு ஒரு வார்த்தை வரலை அவர் வாயில" என்றாள் தம்பியின் மனைவி. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து டேப்பை இழுத்தாள். கணக்கு சிஸ்டர் நின்றபடியே இருந்தாள். சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று.

கடைசிப் பெட்டி மூடப்பட்டது. கூடத்திலும் அறையிலும் வாசலோரத்திலும் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"அண்ணி, மொத்தம் எத்தனை பெட்டின்னு எண்ணிச் சொல்லுங்க. வண்டிக்காரன்கிட்ட எழுதிக் குடுக்கணும்."

அவள் எண்ணினாள். கூடம், அறை, வாசல். "பதினேழு" என்றாள்.

தம்பியின் மனைவி துண்டுத்தாளில் பதினேழு என்று எழுதிக்கொண்டாள். திரும்ப எண்ணிப் பார்க்கவில்லை.